உள்ளூர்ப் பூஞ்சையைப் பிரித்தெடுத்து அதன் நொதியால் தாவரக் கழிவைச் சர்க்கரையாக்குவது: முழுமையான வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பூஞ்சையைத் தேடுகிறார்கள். அகர் தட்டில் தன்னைச் சுற்றிச் செல்லுலோஸ் கரைந்த பெரிய வளையம் போடுவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதக்கணக்கில் அதை வளர்த்து நொதி எடுத்து, கடைசியில் வைக்கோலிலோ மரத்தூளிலோ ஊற்றினால் சர்க்கரை வருவதில்லை. எந்தக் கழிவைச் சிதைக்கப் போகிறோமோ அந்தக் கழிவு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்தே அமைந்தது.

1. முதலில் கழிவைத் தீர்மானியுங்கள்

வைக்கோல், தண்டு, சக்கை, மரத்தூள் எல்லாமே செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும் அவற்றைப் பிணைக்கும் லிக்னினும் பின்னிய பொருள்கள்தான். ஆனால் விகிதம் வேறு, பின்னல் வேறு. புல் இனத் தாவரங்களில் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் எஸ்டர் பிணைப்புகள் இணைக்கின்றன. அவை காரத்தில் எளிதாக அறுபடும். ஊசியிலை மரங்கள் அப்படி இல்லை. வைக்கோலில் நன்றாக வேலை செய்த பூஞ்சை மரத்தூளில் படுத்துவிடுவது இதனால்தான்.

முழு வேலைக்கும் போதுமான அளவை ஒரே தடவையில் சேகரித்து, 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் உலர்த்தி, அரைத்துச் சலித்து, மூடி வையுங்கள். பாதி வழியில் தீர்ந்துபோய் வேறு தொகுப்பை எடுத்தால், முன்னாலும் பின்னாலும் வந்த எண்களை ஒப்பிடவே முடியாது. ஒரு சிறு பகுதியை 105 டிகிரியில் எடை மாறாத வரை வைத்து ஈரப்பதம் கணக்கிடுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் உலர் எடையில்தான்.

செல்லுலோஸ் எத்தனை சதவீதம் என்பதும் இப்போதே தெரிய வேண்டும். வழக்கமான முறை: 72 சதவீத கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு அமிலத்தை 4 சதவீதமாக நீர்த்து 121 டிகிரியில் ஒரு மணி நேரம், வந்த சர்க்கரைகளை அளப்பது. உங்களிடம் வசதி இல்லையென்றால் வெளியே கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் கடைசியில் விளைச்சல் கணக்கிட வழியே இல்லை.

2. கைக்கு முன்னால் இருக்க வேண்டியவை

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி), பூஞ்சை வித்து வெளியே பறக்காத உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி, இரண்டு மூன்று வெப்பநிலைகளில் வைக்க இன்குபேட்டர், குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜ், 50 டிகிரியில் நிலையாக நிற்கும் நீர்த்தொட்டி, ஷேக்கர், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். இவற்றில் நீர்த்தொட்டியைத்தான் யாரும் சோதிப்பதில்லை. முகப்பில் 50 என்று காட்டும், தொட்டியின் மூலையில் 47 இருக்கும். தனி வெப்பமானியை நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சாதாரணக் கிடைமட்டக் காற்றோட்ட மேடையில் அடையாளம் தெரியாத பூஞ்சையைத் திறக்காதீர்கள். அந்தக் காற்று உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். மூச்சுக்குழல் நோய் இருப்பவர்களும் நோய் எதிர்ப்புத்திறன் குறைந்தவர்களும் இந்தக் கட்டத்தில் விலகியிருப்பது நல்லது.

இன்னொன்று, காகித வேலை. காட்டிலிருந்தோ பிறர் நிலத்திலிருந்தோ எடுக்கும் நுண்ணுயிருக்குப் பல நாடுகளில் அனுமதி வேண்டும். உயிரின மரபு வளங்களை எடுத்துப் பயன்படுத்துவது பற்றி 2014 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை நுண்ணுயிர்களையும் சேர்த்ததுதான். எடுத்த பிறகு கேட்பதைவிட எடுக்கும் முன் கேட்பது எளிது.

3. மாதிரி எடுத்தல்: தூண்டில் போடுங்கள்

கண்ணில் பட்ட மண்ணை அள்ளி வந்தால் ஏதாவது கிடைக்கும். உங்கள் கழிவைத் தின்னும் பூஞ்சைதான் வேண்டும் என்றால், அந்தக் கழிவையே தூண்டிலாக வையுங்கள். நைலான் வலைப்பையில் அரைக்காத துண்டுகளைப் போட்டு, இலைச்சருகுக்கு அடியிலும் மட்கும் குவியலின் ஓரத்திலும் புதைத்து, சில வாரம் கழித்து எடுங்கள். வெள்ளை இழைகள் துண்டுக்குள் ஊடுருவியிருக்கும். விரலால் அழுத்தினால் பொடியும் துண்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதப் பையில் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கி ஒரே இரவில் பாக்டீரியா ஏறிவிடும். பையின் மேல் இடம், தேதி, மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம், அங்கே வெப்பநிலை என்ன என்று எழுதுங்கள். சூடான மட்குக் குவியலின் உள்ளிருந்து எடுத்ததை 28 டிகிரியில் மட்டும் வளர்த்தால், வெப்பம் தாங்கும் பூஞ்சைகளைத் தவறவிடுவீர்கள். 45 டிகிரியிலும் ஒரு தொகுப்பு வையுங்கள்.

லிக்னினைச் சிதைக்கும் வெண் அழுகல் பூஞ்சைக்கு வழி வேறு. மண்ணைக் கரைத்துத் தட்டில் பரப்பினால் அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், டிரைக்கோடெர்மா ஆகிய வேகக்காரர்கள்தான் வருவார்கள். வெண் அழுகல் பூஞ்சை மெதுவாக வளர்வது; அது தலைகாட்டுவதற்குள் தட்டு பச்சையாகிவிடும். அதனால் அழுகும் மரத்தில் முளைத்த காளானை, அது வெளிறிப்போன மரத்துண்டோடு சேர்த்து எடுங்கள். காளானைக் கையால் கிழித்து, வெளிக்காற்று படாத உட்சதையிலிருந்து கடுகளவு துண்டைத் தட்டில் வையுங்கள். கத்தியால் வெட்டினால் மேல்தோலில் உள்ள அழுக்கு வித்துகளையும் உள்ளே இழுத்துவிடும்.

4. தட்டில் பரப்புதல்

மண், மட்கு, தூண்டில் துண்டு எதுவானாலும் ஒரு கிராமை 9 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்துப் போங்கள். பூஞ்சைக்குப் பெரும்பாலும் ஆயிரம் மடங்கும் பத்தாயிரம் மடங்கும் நீர்த்தவை போதும். அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்துப் பரப்புங்கள்.

ஊடகத்தில் கார்பன் மூலம் உங்கள் கழிவின் மாவு (1 சதவீதம்) அல்லது சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) மட்டுமே. அதோடு அம்மோனியம் சல்ஃபேட், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட், மெக்னீசியம் சல்ஃபேட், கால்சியம் குளோரைடு, சிட்டிகை ஈஸ்ட் சாறு, 1.5 சதவீத அகர். குளுக்கோஸ் சேர்க்காதீர்கள். இலகுவான சர்க்கரை இருக்கும்போது பூஞ்சை செல்லுலேஸ் (செல்லுலோஸை அறுக்கும் நொதிகள்) மரபணுக்களை அடைத்து வைத்துவிடும்.

பாக்டீரியாவைத் தடுக்க லிட்டருக்கு 100 மி.கி. குளோராம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. அது ஆட்டோகிளேவைத் தாங்கும், முன்பே சேர்க்கலாம். ஒவ்வொரு பூஞ்சைக் கூட்டமும் பரவிக் கலந்துவிடாமல் இருக்க ரோஸ் பெங்கால் சாயம் 25 முதல் 35 மி.கி. ரோஸ் பெங்கால் தட்டுகளை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. ஒளி பட்டால் அது பூஞ்சைக்கே நஞ்சாகிவிடும். “தட்டில் எதுவுமே முளைக்கவில்லை” என்று வருகிறவர்களிடம், தட்டுகள் ஜன்னலோரத்தில் இருந்தனவா என்று முதலில் கேட்பேன். வெண் அழுகல் பூஞ்சைக்கான தட்டில் மட்டும் பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லி சில மில்லிகிராம் சேர்த்தால் பச்சைப் பூஞ்சைகள் அடங்கும். காளான் வகைகள் பெரும்பாலும் அதைத் தாங்கும்.

5. தனிப்படுத்துதல்

மூன்றாம் நாளிலிருந்து தினமும் தட்டைப் பாருங்கள். கூட்டத்தின் நடுப்பகுதியைத் தொடாதீர்கள், ஓரத்தில் வெளியே நீளும் இழை நுனியை எடுங்கள். வித்து வந்த பிறகு எடுத்தால் மற்றவர்களின் வித்தும் ஒட்டிக்கொண்டு வரும். புதிய தட்டுக்கு மாற்றி, மறுபடி நுனி எடுத்து, ஒரே மாதிரி வளரும் வரை தொடருங்கள். தூய்மை உறுதியாக வேண்டுமென்றால் ஒற்றை வித்திலிருந்து வளர்த்தெடுங்கள்.

தூய்மையான அன்றே சேமியுங்கள். 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் ஒன்று, அகர் சாய்வில் 4 டிகிரியில் ஒன்று. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் தட்டில் மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால், சர்க்கரை தின்று பழகிய பூஞ்சை நொதி சுரப்பதில் தளர்ந்துவிடும்.

6. சல்லடை: வளையத்துக்கு எவ்வளவு மதிப்பு?

சி.எம்.சி. தட்டில் வளர்த்து, 0.1 சதவீத காங்கோ சிவப்பை 15 நிமிடம் ஊற்றி வைத்து, பிறகு 1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலால் கழுவினால், செல்லுலோஸ் அறுபட்ட இடம் வெளிறிய மஞ்சள் வளையமாகத் தெரியும். 1982 முதல் புழக்கத்தில் உள்ள சோதனை இது, எளிது, மலிவு. சாயத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது உடலில் பென்சிடினாகச் சிதையக்கூடியது. சாயம் ஊற்றிய தட்டிலிருந்து பூஞ்சையை மீட்பது கடினம், ஆகவே நகல் எடுத்த பிறகே ஊற்றுங்கள்.

இங்கேதான் பெரிய சறுக்கல். சி.எம்.சி. என்பது கரையும்படி மாற்றப்பட்ட செல்லுலோஸ். அதை அறுக்க, சங்கிலியை நடுவில் வெட்டும் எண்டோகுளுக்கனேஸ் ஒன்றே போதும். வைக்கோலில் இருப்பது படிகச் செல்லுலோஸ். அதற்குச் சங்கிலியின் முனையிலிருந்து உரித்தெடுக்கும் செல்லோபயோஹைட்ரோலேஸ் வேண்டும், உரித்த செல்லோபயோஸை (இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை) உடைக்க பீட்டா குளுக்கோசிடேஸ் வேண்டும். வளையம் இந்த இரண்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. தவிர, வேகமாக வளரும் பூஞ்சைக்கு வளையமும் பெரிதாகத்தான் இருக்கும். ஆகவே வளையத்தை “உண்டா இல்லையா” என்ற கேள்விக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வளைய விட்டத்தை வைத்து முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுக்காதீர்கள்.

வளையம் உள்ள எல்லாவற்றையும் அடுத்த சோதனைக்கு அனுப்புங்கள். 4ஆம் படியின் உப்புகள் மட்டும் உள்ள, அகர் இல்லாத ஊடகம் 10 மி.லி., அதில் ஒரு வடிதாள் பட்டை, பூஞ்சை ஒரு துண்டு. இன்னொரு குழாயில் வடிதாளுக்குப் பதில் உங்கள் கழிவு. பத்துப் பதினைந்து நாளில் நல்ல பூஞ்சை இருக்கும் குழாயில் தாள் நீர்மட்டத்தில் நைந்து, குழாயைத் தட்டினால் கூழாக விழும். தாள் முழுசாக நின்றால் வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள்.

லிக்னின் பக்கத்துக்கு 0.02 சதவீத குவையகால் கலந்த அகர். லாக்கேஸ் போன்ற ஆக்சிஜனேற்ற நொதிகள் இருந்தால் கூட்டத்தைச் சுற்றிச் செம்பழுப்பு பரவும். இதுவும் நொதி இருப்பதைத்தான் சொல்லும், லிக்னின் கரைந்ததைச் சொல்லாது.

7. பெயர் தெரியாமல் பெருக்காதீர்கள்

தேறிய நாலைந்து பூஞ்சைகளையும் இப்போதே அடையாளம் காணுங்கள். மட்குக் குவியலில் கிடைக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் அருமையாகச் செல்லுலோஸ் தின்னும், 50 டிகிரியிலும் வளரும். நுரையீரலிலும் வளரும். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். இவற்றைக் கிலோ கணக்கில் வளர்த்த பிறகு பெயர் தெரிந்து என்ன பயன்?

ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கி வரிசை பார்த்தால் பேரினம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அஸ்பெர்ஜில்லஸில் இனம் வரை போக கால்மாடுலின் மரபணுவும், டிரைக்கோடெர்மாவில் டெஃப் 1 மரபணுவும் தேவை. கூடவே 37 டிகிரியில் வளர்கிறதா என்றும் பாருங்கள். அந்த வெப்பத்தில் வளராத பூஞ்சை பொதுவாக உடலுக்குள் பரவும் நோயை உண்டாக்குவதில்லை.

8. நொதிக்காக வளர்த்தல்

இழைப் பூஞ்சைக்குத் திண்மநிலை வளர்ப்பு இயல்பானது. 250 மி.லி. கூம்புக் குடுவையில் 5 கிராம் கழிவு, 5 கிராம் கோதுமைத் தவிடு, 4ஆம் படியின் உப்புகள் கரைந்த நீர் 20 மி.லி. இது ஏறத்தாழ 67 சதவீத ஈரம். கையுறை போட்ட கையால் பிடித்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் துகள்களுக்கு இடையில் காற்று இல்லை என்று பொருள். அங்கே பாக்டீரியா புகுந்து புளிச்ச வாடை வரும்.

மிகவும் பொடியாக அரைக்காதீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகள் போதும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, முழுக்க ஆறிய பிறகு கிராமுக்கு ஒரு கோடி வித்து சேர்த்து 28 முதல் 30 டிகிரியில் வையுங்கள். வித்து எண்ணிக்கையை ஹீமோசைட்டோமீட்டரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) எண்ணியே ஆக வேண்டும். “ஒரு அகர் துண்டு” என்று போட்டால் குடுவைக்குக் குடுவை வேறுபடும். வித்து தராத வெண் அழுகல் பூஞ்சைக்கு, திரவத்தில் வளர்த்த மைசீலியத்தை (இழைத் திரளை) நறுக்கி எடை பார்த்துச் சேருங்கள்.

இரண்டாம் நாள் குடுவையைத் தட்டி உதிர்த்து விடுங்கள். இழைகள் பின்னிக் கட்டியாகும்போது நடுவில் வெப்பம் தேங்கும், நொதி அதில் கெடும்.

எந்த நாளில் அறுவடை என்பதைப் புத்தகம் சொல்லாது. ஒரு நாளுக்கு மூன்று குடுவை என்ற கணக்கில் தொடக்கத்திலேயே போட்டுவிட்டு, தினமும் மூன்றை முழுசாக எடுத்து அளந்து பாருங்கள். ஒரே குடுவையைத் திறந்து திறந்து கரண்டியால் எடுப்பது மாசுக்கு அழைப்பு. டிரைக்கோடெர்மாவும் அஸ்பெர்ஜில்லஸும் ஒரு வாரத்தை ஒட்டி உச்சம் தொடும், வெண் அழுகல் பூஞ்சைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். குடுவை பச்சைப் பசேலென்று ஆனபின் எடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் உச்சத்தைத் தாண்டி விடுகிறார்கள். வித்து பழுக்கும் கட்டத்தில் பூஞ்சையின் புரதம் சிதைக்கும் நொதிகள் மேலெழுந்து, நீங்கள் தேடும் நொதியை அவையே தின்னத் தொடங்கும்.

9. நொதியைப் பிரித்தெடுத்தல்

கழிவும் தவிடும் சேர்ந்த உலர் எடையில் ஒரு கிராமுக்கு 10 மி.லி. சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்; 50 மில்லிமோலார், பி.எச். 4.8), அதில் 0.1 சதவீத ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருள். ஷேக்கரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், பிறகு மஸ்லின் துணியில் பிழிந்து, 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். செல்லுலேஸ் எஞ்சிய செல்லுலோஸில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே சக்கையை இரண்டாவது தடவையும் கழுவி அளந்து பாருங்கள். கணிசமாக வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

கெடாமல் இருக்க 0.02 சதவீத சோடியம் அசைடு பலர் சேர்ப்பார்கள். செல்லுலேஸுக்குப் பரவாயில்லை. லாக்கேஸை அசைடு முடக்கிவிடும். லாக்கேஸ் அளக்கப் போகும் பகுதியை முன்பே தனியாக எடுத்து வையுங்கள். அசைடு மனிதருக்கும் கடும் நஞ்சு, உலோகக் குழாயுள்ள தொட்டியில் கொட்டக் கூடாது.

10. செயல்திறனை அளத்தல்

மொத்தச் செல்லுலேஸுக்கு வடிதாள் அளவீடு: வாட்மன் 1 தாளில் 1 செ.மீ.க்கு 6 செ.மீ. பட்டை (50 மி.கி.), பஃபர் 1 மி.லி., நொதி 0.5 மி.லி., 50 டிகிரியில் சரியாக 60 நிமிடம். பிறகு டி.என்.எஸ். (சர்க்கரையோடு நிறம் மாறும் வினைப்பொருள்) 3 மி.லி., கொதிநீரில் சரியாக 5 நிமிடம், குளிர்வித்து நீர்த்து 540 நானோமீட்டரில் பாருங்கள். தர வரைபடத்துக்கான குளுக்கோஸ் குழாய்களும் அதே கொதிநீரில் அதே 5 நிமிடம் இருக்க வேண்டும்.

பலரும் ஒரே ஒரு நீர்ப்பில் அளந்து அலகு எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 2 மி.கி. குளுக்கோஸுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் தரும் இரண்டு நீர்ப்புகளைப் பிடித்து, சரியாக 2 மி.கி. தரும் செறிவை (நீர்க்காத சாற்றில் எத்தனை பங்கு என்று) கண்டுபிடித்து, 0.37ஐ அதால் வகுக்க வேண்டும்; வருவது மி.லி.க்கு வடிதாள் அலகு. காரணம், தாளில் எளிதாகக் கரையும் பகுதி முதலில் போய்விடும், நொதியை இரட்டித்தால் சர்க்கரை இரட்டிக்காது. நீர்க்காத சாறே 2 மி.கி. தரவில்லை என்றால் நொதி மெலிந்தது, செறிவாக்கிவிட்டு அளங்கள்.

பிளாங்க் (ஒப்பிட்டுக் கழிப்பதற்கான குழாய்) மூன்றும் வேண்டும்: பஃபர் மட்டும், தாள் மட்டும், நொதி மட்டும். மூன்றாவதை விட்டால் தொலைந்தோம். தவிட்டில் ஊறிய சாற்றில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருக்கும், அதையும் நொதியின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்தப் பிளாங்க் மிக உயர்ந்தால் சாற்றை டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியாகச் சர்க்கரையை வெளியேற்றி) விட்டு அளப்பதே சரி.

பீட்டா குளுக்கோசிடேஸை பாரா நைட்ரோபீனைல் குளுக்கோசைடு கொண்டும், ஹெமிசெல்லுலோஸான சைலானை அறுக்கும் சைலனேஸை 1 சதவீத மரச் சைலான் கொண்டும், லாக்கேஸை ஏ.பி.டி.எஸ். என்ற நிறம் மாறும் பொருள் கொண்டு 420 நானோமீட்டரிலும் அளக்கலாம். கிராமுக்கு அலகு எழுதும்போது, சேர்த்த 100 மி.லி. பஃபரோடு வளர்ப்பில் ஏற்கெனவே இருந்த 20 மி.லி. நீரையும் மொத்தக் கன அளவில் சேர்க்க மறக்காதீர்கள்.

உகந்த வெப்பநிலையும் நிலைத்து நிற்கும் வெப்பநிலையும் ஒன்றல்ல. ஒரு மணி நேரச் சோதனையில் 60 டிகிரியில் உச்சம் காட்டும் நொதி, மூன்று நாள் வேலையில் முதல் இரவிலேயே செத்துவிடலாம். சாற்றை 45, 50, 55 டிகிரியில் 72 மணி நேரம் சும்மா வைத்திருந்து, மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள்.

11. கழிவைத் திறந்து வைத்தல்

முன்பதனம் செய்யாத கழிவில் நொதி நுழைய இடமில்லை. புல் இனத்துக்கு 1 முதல் 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, 10 சதவீத திடப்பொருள், 121 டிகிரியில் 30 நிமிடம் நல்ல தொடக்கம். கருப்பான நீரை வடித்து, பி.எச். நடுநிலை வரும்வரை கழுவுங்கள்.

கழுவியதை உலர்த்தாதீர்கள். காய்ந்தால் செல்லுலோஸின் நுண்துளைகள் சரிந்து ஒட்டிக்கொள்ளும், மறுபடி நனைத்தாலும் முழுசாகத் திறக்காது. ஈரமாகவே பிழிந்து 4 டிகிரியில் வைத்து, ஈரப்பதத்தை மட்டும் அளந்து கணக்கில் எடுங்கள். செல்லுலோஸ் சதவீதத்தையும் மறுபடி அளங்கள். லிக்னின் போனதால் அது உயர்ந்திருக்கும்.

12. சர்க்கரையாக்குதல்

50 மி.லி. மொத்தக் கன அளவில் 2.5 கிராம் (உலர் எடை) முன்பதனம் செய்த கழிவு, சிட்ரேட் பஃபர், கிராமுக்கு 10 முதல் 15 வடிதாள் அலகு நொதி, அசைடு, 10ஆம் படியில் தேர்ந்தெடுத்த வெப்பநிலை, நிமிடத்துக்கு 150 சுழற்சி. 0, 6, 24, 48, 72 மணிகளில் மாதிரி எடுத்து உடனே கொதிக்க வைத்து நொதியை நிறுத்துங்கள். நொதி இல்லாத குடுவை ஒன்று, கழிவு இல்லாத குடுவை ஒன்று, கடையில் வாங்கிய செல்லுலேஸ் போட்ட குடுவை ஒன்று கூடவே ஓடட்டும். கடைசியது இல்லாவிட்டால், விளைச்சல் குறைந்தது உங்கள் நொதியாலா கழிவாலா என்று சொல்ல முடியாது.

கணக்கு இப்படி: 2.5 கிராமில் 60 சதவீதம் செல்லுலோஸ் என்றால் 1.5 கிராம். லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் வந்தால் 50 மி.லி.யில் 1 கிராம். செல்லுலோஸ் உடையும்போது நீர் மூலக்கூறு சேர்வதால் 0.9ஆல் பெருக்க வேண்டும். 0.9ஐ 1.5ஆல் வகுத்தால் 60 சதவீதம். இதை டி.என்.எஸ். எண்ணால் போடாதீர்கள். அது ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸையும் சேர்த்துக் காட்டும், விளைச்சல் ஊதிப்பெருக்கும். குளுக்கோஸை மட்டும் அளக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட் அல்லது சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி. கருவி பயன்படுத்துங்கள்.

13. விளைச்சல் பாதியில் நின்றால்

24 மணிக்குப் பிறகு வரைபடம் படுத்துவிட்டால், அந்தக் குடுவையை மூன்றாகப் பிரித்துக் கண்டுபிடிக்கலாம். முதலாவதில் புது நொதி சேருங்கள். சர்க்கரை ஏறினால் பழைய நொதி வெப்பத்தில் கெட்டிருக்கிறது அல்லது லிக்னினில் ஒட்டி வீணாகியிருக்கிறது. வெப்பத்தைக் குறைத்தோ, நொதிக்கு முன் ட்வீன் 80 சேர்த்தோ அடுத்த தடவை பாருங்கள்.

இரண்டாவதில் பீட்டா குளுக்கோசிடேஸ் மட்டும் சேருங்கள். ஏறினால் செல்லோபயோஸ் தேங்கி நொதியை அடைத்திருக்கிறது. டிரைக்கோடெர்மாவிடம் இது அடிக்கடி நடக்கும். பீட்டா குளுக்கோசிடேஸ் தாராளமாகத் தரும் ஒரு அஸ்பெர்ஜில்லஸின் சாற்றைக் கலந்தால் சரியாகும். இரண்டு பூஞ்சையையும் ஒரே குடுவையில் வளர்ப்பதைவிடத் தனித்தனியாக வளர்த்துச் சாறுகளைக் கலப்பது மேல், விகிதம் உங்கள் கையில் இருக்கும்.

மூன்றாவதை அப்படியே விடுங்கள். மற்ற இரண்டும் இதைப் போலவே அசையாமல் நின்றால் குறை நொதியில் இல்லை, 11ஆம் படிக்குத் திரும்பிக் காரத்தின் அளவையோ நேரத்தையோ கூட்டுங்கள். மூன்றிலும் சர்க்கரை ஏறாமல் இறங்கினால், ஏதோ ஒரு நுண்ணுயிர் உள்ளே இருந்து சர்க்கரையைத் தின்கிறது. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, கொதிநீரில் வைத்த பின் குடுவையைக் கொட்டிவிடுங்கள்.